முதல் தவணை வந்தாச்சு, முதல் வேலை எது?

டெல்லிப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுத் திட்டக் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, மயூர் விஹாரில் வசிக்கும் கும்பகோணத்து வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: தென்காசி என் சொந்த ஊர். டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்.பின் மானியம் மூன்று வருடத்துக்குக் கிடைத்திருக்கிறது. மானிய ஆணையும் முதல் தவணையும் வந்துவிட்டன. மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் ஃப்ரீசர், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கருவி வாங்க வேண்டும், ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) எடுக்க வேண்டும். துறையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது அம்மா?
- உதவிப் பேராசிரியை, விஜய் நகர்

பதில்: வாழ்த்துகள் அம்மா. சேர்ந்த சூட்டோடு மானியம் வாங்குவது எத்தனை ராத்திரி உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

ஆள் எடுப்பதில் தொடங்குங்கள். கருவி இரண்டாவது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் ஆறு மாதம் கொட்டேஷன், கமிட்டி என்று ஓடிவிடுகிறது. கருவி வந்து நிற்கும்போது அதைத் தொட ஆள் இருக்காது. விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, தேர்வுக் குழு கூடி, பட்டியலுக்கு ஒப்புதல் கிடைத்து, பிள்ளை வந்து சேர எப்படியும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அந்த நாள்களெல்லாம் உங்கள் மூன்று வருடத்திலிருந்துதான் போகின்றன. ஒரு வருடம் தாமதித்து எடுத்தால் அந்தப் பிள்ளைக்கு உங்கள் திட்டத்தில் மிஞ்சுவது இரண்டே வருடம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். நடுவில் திட்டம் முடிந்து உதவித்தொகை நின்றுபோனால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். பிஎச்.டி. சேர்க்கை எப்போது நடக்கிறது என்று துறை அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் ஆள் வந்து சேர்கிற மாதிரி விளம்பரத்தை அனுப்புங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆணையை வரி வரியாகப் படியுங்கள். மேலே இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு எல்லோரும் மூடிவைத்துவிடுகிறார்கள். உள்ளே பணம் இரண்டு கூறாக இருக்கும். கருவிக்கான மூலதனம் ஒன்று. சம்பளம், ரசாயனம், பயணம், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்த பொது மானியம் இன்னொன்று. இதிலிருந்து அதற்கு ஒரு ரூபாய்கூட உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது. திட்டம் எந்தத் தேதியில் தொடங்குவதாகக் கணக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்தத் தேதியை மேஜைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

பிறகு ஆணையின் நகலோடு கணக்குப் பிரிவுக்கு நேரில் போங்கள். திட்டத்துக்குத் தனி எண் போட்டு, தனி லெட்ஜர் திறக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் எந்த பில்லும் நகராது. நேரில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஃபைலை அடுத்த மூன்று வருடம் கையாளப் போகிறவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரோடு பேசிப் பழகுங்கள். உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று அவரிடமும் சொல்லுங்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது அப்படிச் சொன்ன பேராசிரியர்கள் மிகச் சிலர். அவர்களுடைய திட்டங்கள் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன.

ஜே.ஆர்.எஃப். விஷயத்தில் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. விடுதி கிடைக்காதவருக்கு இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. டெல்லிக்கு 30 சதவீதம் என்றால் 11,100 ரூபாய். விண்ணப்பம் எழுதும்போது வாடகைப்படியை விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆணையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் மாதத்திலேயே மானியம் தந்தவர்களுக்கு எழுதுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளை ஒன்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, உங்கள் பக்கம் ஒரு அறை எடுத்தால் வாடகை, செக்யூரிட்டி, புரோக்கர் கமிஷன் மூன்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பியிருப்பார். ஆகையால் சேரும் நாளன்றே சேர்க்கை அறிக்கை, வங்கிப் புத்தக நகல், ஆதார், பான், வாடகைப்படிக்கான உறுதிமொழி எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கி அன்றைக்கே கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்தில் மாதம் 20-க்குள் வந்த காகிதம் அந்த மாதச் சம்பளத்தில் ஏறும். 21-ஆம் தேதி வந்தால் அடுத்த மாதம்தான். உங்கள் இடத்தில் அது எந்தத் தேதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஃப்ரீசர். ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நிற்கும் மாடல் மைனஸ் 80 என்றால் ஆள் உயரத்தைத் தாண்டும்; எடை சில நூறு கிலோ. லிஃப்ட் கதவு, வராண்டா திருப்பம், ஆய்வகக் கதவு மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஒரு துறையில் பெட்டி ஏப்ரலில் வந்து சேர்ந்தது. கதவுச் சட்டம் நான்கு விரற்கடை குறைவு. சட்டத்தைக் கழற்ற சிவில் பிரிவு அனுமதி, தனி மின்லைன் இழுக்க எலெக்ட்ரிகல் பிரிவு மதிப்பீடு என்று கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. மே, ஜூன் முழுக்க அது வராண்டாவில் மரச்சட்டத்துக்குள் நின்றது. மேலே யாரோ பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வாரண்டி டெலிவரி தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பர்ச்சேஸ் ஆர்டரில் ‘நிறுவி இயக்கிக் காட்டிய நாளிலிருந்து வாரண்டி’ என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். தனி மின்லைன், நல்ல எர்த்திங், ஸ்டெபிலைசர் மூன்றும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஃப்ரீசர் தன் பின்பக்கத்தால் அறைக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டெல்லி ஜூன் மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் வைத்தால் கம்ப்ரஸர் திணறிப்போகும். அறையைச் சரிசெய்யும் வேலைக்கு மானியத்தில் பெரும்பாலும் இடம் கிடையாது. துறைத் தலைவரிடம் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் திட்டத்தில் ஒரு கருவிக்கு, சீனியர் ஒருவர் 2022 தொடக்கத்தில் வாங்கிய கொட்டேஷனை வைத்து 10.5 லட்சம் கேட்டேன், கொடுத்தார்கள். இப்போது அதே விற்பனையாளர் 11.8 லட்சம் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?
- ஆய்வாளர், துவாரகா

பதில்: இல்லை ஐயா. அடிப்படை விலை இரண்டிலும் 10 லட்சம்தான், கவனியுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. 2022 ஜூலை 18-இலிருந்து அது போய்விட்டது. இப்போது 18 சதவீதம். விலையை ஏற்றாமல் வைத்திருப்பதற்கு அவருக்கு நன்றி சொல்லலாம்.

1.3 லட்சம் துண்டு விழுகிறது. ரசாயனத் தலைப்பிலிருந்து எடுக்கலாமா என்று தோன்றும். கூடாது. துணைப் பாகங்களைக் குறைத்துப் புது கொட்டேஷன் வாங்குங்கள். அல்லது பல்கலைக்கழகம் தன் பங்காக வித்தியாசத்தைத் தருமா என்று கேளுங்கள். வாங்கும் முறையில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 ஜூனில் ஆய்வுக் கருவிகளுக்கும் பொருள்களுக்கும் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்குவது 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாயிற்று. கொள்முதல் குழு மூலம் வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாயிற்று. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்துக்கு வெளியே வாங்க இயக்குநரும் துணைவேந்தரும் அனுமதி தரலாம். உங்கள் நிறுவனம் இதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டிருந்தால் உங்கள் கருவி டெண்டர் இல்லாமல் கொள்முதல் குழுவிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: முனிர்காவில் அறை எடுத்திருக்கிறேன். ஒரு திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆக இருக்கிறேன். நான்கு மாதமாக உதவித்தொகை வரவில்லை. எங்கள் சார் தங்கமானவர். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஊரில் பணம் கேட்கவும் மனம் வரவில்லை.
- ஆராய்ச்சி மாணவர்

பதில்: தம்பி, கேளுங்கள். அது நீங்கள் உழைத்த பணம். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். மார்ச் 31-ஆம் தேதியோடு நிதியாண்டு முடிகிறது. அந்த வருடம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று செலவு அறிக்கையும், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் மானியம் தந்தவர்களுக்குப் போக வேண்டும். இந்தச் சான்றைத்தான் எல்லோரும் யு.சி. என்கிறோம். அது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது. யு.சி. எங்கே நிற்கிறது? பெரும்பாலும் ஒரு சின்ன இடத்தில். ஏதோ ஒரு பில்லில் இருப்புப் பதிவேட்டு எண் எழுதாமல் விட்டிருப்பார்கள். அல்லது பயண முன்பணத்துக்குக் கணக்கு கொடுத்திருக்க மாட்டார்கள். ஆர்டர் போட்டுப் பணம் கொடுக்காத கருவியைச் செலவாகவே காட்டிவிட்டு, லெட்ஜரோடு ஒத்துப்போகாமல் திரும்பியிருக்கும். நான் பல மேஜைகளில் பார்த்த கதை இது. அந்த ஒரு விடுபட்ட எண்ணுக்காக முனிர்காவில் ஒரு பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே எழுதிவிடுவார்கள்.

நாளை காலையில் கணக்குப் பிரிவுக்குப் போய், திட்ட எண்ணைச் சொல்லி, யு.சி. போய்விட்டதா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். போகவில்லை என்றால் எந்தக் காகிதம் குறைகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு சாரைப் பாருங்கள். அதோடு, திட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மேல்செலவுத் தொகை என்று ஒன்று போகிறது. தவணை வரும்வரை அதிலிருந்து உதவித்தொகையை முன்பணமாகத் தரும்படி டீன் அலுவலகத்துக்கு எழுத சாரிடம் சொல்லுங்கள். சில இடங்களில் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் சொல்கிறேன். பிப்ரவரியிலேயே லெட்ஜரை வாங்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் யு.சி. கையெழுத்தாக வேண்டும். பணத்தைக் கையில் தராமல் செலவு வரம்பை மட்டும் ஒதுக்கும் ஜீரோ பேலன்ஸ் கணக்கில் நடக்கும் திட்டம் என்றால் மார்ச் 31-இல் செலவாகாத வரம்பு காலாவதியாகிவிடும். நிலுவையில் ஜே.ஆர்.எஃப். பணம் ஏதாவது இருந்தால் எல்லா பில்லுக்கும் முன்னால் அதை அனுப்புங்கள். ரசாயனக் கம்பெனி ஒரு மாதம் பொறுக்கும்.

கேள்வி: பயணத் தலைப்பில் மிஞ்சிய பணத்தில் லேப்டாப் வாங்கலாமா? திட்டக் கணக்கில் சேர்ந்த வட்டியை ஆய்வுக்கே செலவழிக்கலாமா?
- பேராசிரியர், ரோகிணி

பதில்: இரண்டுக்கும் முடியாது என்பதுதான் பதில். லேப்டாப் மூலதனம், பயணம் பொது மானியம். வட்டி இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குத் திரும்பிப் போக வேண்டும். அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகக் கட்டி, ரசீதை யு.சி.யோடு வையுங்கள். பயணப் பணம் மிஞ்சியிருந்தால் உங்கள் மாணவரை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப ஆணை இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் மார்ச்சுக்குள் டிக்கெட் போட்டுவிடுங்கள்.