8 + 5: விரல் விடலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கூட்டல் கணக்கு என்றாலே விரலை நீட்டிவிடுகிறான். விரல் விடக்கூடாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மேசைக்கு அடியில் கையை மறைத்துக்கொண்டு எண்ணுகிறான். வீட்டுப்பாடத்தில் 8 + 5 என்பதை 8 + 2 + 3 என்று உடைத்து எழுதச் சொல்கிறார்கள். ‘மனசுல எட்டு, விரல்ல அஞ்சு’ என்று படித்த எனக்கு இது வீண் சுற்றாகத் தெரிகிறது. அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தக் கையை மேசைக்கு மேலே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல் விடுவது தப்பே இல்லை. ஒளித்து எண்ணுகிற பிள்ளைக்குப் பாதிக் கவனம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதிலேயே போய்விடும்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எப்படி எண்ணுகிறான் என்று பாருங்கள். எட்டையும் ஐந்தையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணுகிறானா, எட்டை மனதில் வைத்து ‘ஒன்பது, பத்து’ என்று மேலே போகிறானா? 3 + 9 கொடுத்தால் மூன்றில் தொடங்குகிறானா, பெரிய எண்ணான ஒன்பதிலா? இவை ஒவ்வொன்றும் ஒரு படி. 8 + 5க்கு 12 என்று சொன்னால் திட்டிவிடாதீர்கள். முதல் விரலை மடக்கும்போதே ‘எட்டு’ என்று தொடங்கியிருப்பான், அவ்வளவுதான். விரல் வெளியே தெரிந்தால்தான் இதை நாம் கண்டுபிடிக்க முடியும்.

உடைத்து எழுதுவது வீண் சுற்று இல்லை அம்மா. கடலூர் முதுநகரில் மீன் விற்கும் பெண்களைக் கவனியுங்கள். 180 ரூபாயையும் 70 ரூபாயையும் கூட்ட அவர்கள் விரல் விடுவதில்லை. எழுபதில் இருபதை எடுத்து இருநூறாக்கிவிட்டு, மிச்சம் ஐம்பதைச் சேர்த்து 250 என்பார்கள். உங்கள் மகனின் நோட்டில் இருப்பதும் அதே கணக்குதான். எட்டுக்குப் பத்தாக இரண்டு வேண்டும், அதை ஐந்திலிருந்து எடுத்தால் மூன்று மிச்சம். இது பிடிபட்டால் 28 + 5, 48 + 5 எல்லாம் தானாக வரும். பிடிபடாமல் அடுக்கி எழுதிக் கூட்டப் போகிற பிள்ளைதான் 28 + 5க்கு 213 என்று எழுதுகிறது. எட்டும் ஐந்தும் 13, பக்கத்தில் 2. ஒன்றை ஏன் பத்துகளின் இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று என்று பத்தின் சோடிகள் தெரியாத பிள்ளையிடம், ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கத் தெரியாத பிள்ளையிடம், 8 + 2 + 3 எழுதச் சொன்னால் அதையும் மனப்பாடம்தான் செய்யும். கை செய்து பார்த்த பிறகுதான் நோட்டு.

30 முட்டை வைக்கும் அட்டை இருக்கிறதல்லவா? அதில் வரிசைக்கு ஐந்து குழி, ஆறு வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி அட்டை மூன்று கிடைக்கும். ஒன்றில் எட்டுப் புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். இன்னும் ஐந்தைக் கையில் கொடுங்கள். காலியாக இருக்கும் இரண்டு குழியையும் அவனே நிரப்புவான், மூன்று கையில் நிற்கும். எண்ணாமலே ‘பதிமூணு’ என்பான். அப்புறம் 9 + 4, 7 + 6 என்று போங்கள். 7 + 6க்கு, ‘ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதோடு ஒண்ணு’ என்று அவன் சொன்னால் அதுவும் சரி, பத்தாக்கித்தான் தீர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். விடை சரியாக இருக்கும்போதும் ‘எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். தப்பானால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே திட்டு மாதிரி ஆகிவிடும்.

அபாகஸுக்கு இப்போது அவசரமில்லை. பத்து கைவசமாகட்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை, எனக்கும் அதில் முழு நம்பிக்கை உண்டு. உங்கள் மகனின் ஆசிரியரிடமும் இதையே தன்மையாகச் சொல்லுங்கள்: ‘இவன் இன்னும் விரல் விட்டுத்தான் கூட்டுகிறான், வீட்டில் பத்தின் சோடிகள் பழக்குகிறோம், அதுவரை கொஞ்சம் விட்டுவிடுங்கள்.’ நேரம் வைத்துக் கணக்குப் போட வைக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் அதையும் சில மாதம் தள்ளிவைக்கச் சொல்லலாம்.