மாதா முன்னால் சத்தியம் செய்துவிட்டேன், மனசு வேறு சொல்கிறது

வாசகர் கேள்வி பதில்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவை

கேள்வி: கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து பணம் கொடுத்தார்கள். மாதா சுரூபத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றி, அவர்கள் சின்னத்துக்குத்தான் போடுவேன் என்று சத்தியம் வாங்கினார்கள். என் மனசு வேறொருவருக்குப் போடச் சொல்கிறது. மீறினால் மாதா தண்டிப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பயமாக இருக்கிறது.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் நம்பும் திருச்சபையே அப்படித்தான் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1200-ஆம் பிரிவுப்படி, ஏமாற்றியோ அச்சுறுத்தியோ வாங்கிய ஆணை செல்லாது. பொதுநலனுக்கு நேரடியாகக் கேடு செய்யும் காரியத்துக்கு ஆணையிட்டாலும் அந்த ஆணை அதற்கு வலுச் சேர்க்காது என்கிறது 1201-ஆம் பிரிவு. ஓட்டை விலைக்கு விற்பது ஊருக்கே கேடு. மாதாவின் பெயரைச் சொல்லிவிட்டதால் அது புனிதமாகிவிடாது. மனச்சான்று என்பது மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. அந்த அறைக்குள் கட்சிக்காரருக்கு இடமில்லை.

'மாதா தண்டிப்பார்' என்று சொன்னதே குற்றம். தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதை, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவு முறைகேடு என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பணம் கொடுப்பது 170-ஆம் பிரிவில் வருகிறது. அதே பிரிவில் வாங்குவதும் குற்றம் என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பணத்தை என்ன செய்வது? பகை வராது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவர் பக்கத்துத் தெரு ஆள், கேட்டால் சண்டை வரும் என்றால் வற்புறுத்த மாட்டோம். ஆனால் வீட்டுச் செலவுக்கு எடுக்காதீர்கள், இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். கோயில் உண்டியலில் போட்டுக் கணக்குத் தீர்ப்பது வேண்டாம். சாமியையும் இந்தப் பேரத்தில் சேர்த்ததாகிவிடும். மனம் ஆறவில்லை என்றால் பங்குத்தந்தையிடம் போய் அந்த ஆணையைப் பற்றிக் கேளுங்கள். யாருக்குப் போடுவது என்று மட்டும் அவரிடமும் கேட்க வேண்டாம்.

'கண்டுபிடித்துவிடுவார்களோ' என்ற பயம்தான் பலரை அழுத்துகிறது. பொத்தானை அழுத்தியதும் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அருகில் இருக்கும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம், இவ்வளவுதான் அதில் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது. பிறகு அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். நீங்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டில் யாருக்குப் போட்டீர்கள் என்பது இல்லை. யாருக்குப் போட்டாய் என்று வாக்காளரைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைக்க முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு காக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வாக்குச்சாவடி வாரியாக எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-இல் வெளியாகும். ஊருக்கு ஒரே சாவடி என்றால் ஊர் மொத்தமாக எப்படிப் போட்டது என்பது தெரியும், எந்த வீடு என்பது தெரியாது. 'உன் ஓட்டு எங்களுக்குத் தெரியும்' என்று மிரட்டுகிறவர்கள் இந்த மொத்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இனி யாராவது பணத்தோடு வந்தால், தேர்தல் விதிமீறலைப் புகார் செய்யும் சி-விஜில் செயலியைத் திறந்து அந்த இடத்திலேயே படமோ, 2 நிமிடத்துக்குள் வீடியோவோ எடுத்து அனுப்பலாம். போனில் முன்பே எடுத்து வைத்ததை அது ஏற்காது. உங்கள் பெயர் தெரியாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. செயலி இல்லையென்றால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஜமாஅத் ஒரு வேட்பாளரை முடிவு செய்து அறிவித்துவிட்டது. எனக்கு அவர் மீது நம்பிக்கை இல்லை. மாற்றிப் போட்டால் அது மார்க்கத்துக்கு மாறா, ஜமாஅத்துக்குத் துரோகமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, வாக்கை ஷஹாதத், அதாவது சாட்சியம், என்று சொல்லும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். 'இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர்' என்று சாட்சி சொல்வதுதான் ஓட்டுப் போடுவது. சாட்சியத்தைப் பற்றிக் குர்ஆன் 4:135 சொல்வது கண்டிப்பானது: உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராகவே இருந்தாலும் நீதியில் உறுதியாக நில்லுங்கள். தகுதியில்லை என்று மனசறியத் தெரிந்தவருக்கு ஊருக்காகச் சாட்சி சொல்வது எப்படிச் சரியாகும்?

அதற்காக ஜமாஅத்தின் முடிவைத் தூக்கி எறியவும் சொல்லமாட்டோம். பத்துப் பேர் கூடி மஷூரா, அதாவது கலந்தாலோசனை, செய்து, வேட்பாளர்களை விசாரித்து, காரணம் சொல்லி ஒரு யோசனை சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனவே போய்க் கேளுங்கள்: ஏன் இவர்? வேட்பாளரின் பழைய செயல்களைச் சொன்னார்களா, வாக்குறுதியை மட்டும் சொன்னார்களா? கட்டிடத்துக்கோ பந்தலுக்கோ நன்கொடை வந்ததா? காரணம் சரியாகப் பட்டால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. காரணமே சொல்லாமல் 'முடிவாகிவிட்டது' என்றால் அது யோசனை இல்லை, கட்டளை. கட்டளை ஓட்டுப் பெட்டி வரைக்கும் வரக் கூடாது.

ஊர்விலக்கு என்று மிரட்டினால், அதையும் 123(2) பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. தொழுமிடத்தைப் பிரசார மேடையாக்குவது தேர்தல் நடத்தை விதிக்கு மாறு. பள்ளிவாசல், மாதா கோயில், இந்துக் கோயில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது பற்றி 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடு. அது நிரூபணமானால் வெற்றியே ரத்தாகும். தேர்தல் வழக்கை முடிவு வந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும்.

கேள்வி: எங்கள் வேட்பாளர்களில் ஒருவர் பக்தியுள்ளவர், ஆனால் வழக்குகள் உள்ளவர். இன்னொருவர் நன்றாக வேலை செய்கிறவர், ஆனால் அவர் கட்சி எங்கள் சாமியை மதிப்பதில்லை. எப்படி எடை போடுவது?
– வாசகர், ராமேசுவரம்

பதில்: எந்த நாற்காலிக்கான தேர்தல் என்பதிலிருந்து தொடங்குங்கள். கோயில் நிர்வாகம் மாநில அரசின் இந்து சமய அறநிலையத் துறையிடம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்கால நிவாரணத்தைத் தருவதும் மாநில அரசு. இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த படகை மீட்பது வெளியுறவு விவகாரம், டெல்லியில் பேச வேண்டியது. 1974 ஒப்பந்தத்தில் போன கச்சத்தீவை மீட்பேன் என்று சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், அந்த அவையால் தீர்மானம்தான் போட முடியும் என்பதை நினைவில் வையுங்கள். 2025 ஏப்ரலில் போட்டது. உங்கள் நம்பிக்கையைத் தொடும் எந்த விஷயம் உண்மையிலேயே அவர் கையில் இருக்கிறது? அதை மட்டும் தட்டில் வையுங்கள்.

அடுத்தது வழக்குகள். வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். வழக்கு எத்தனை என்று எண்ணாதீர்கள், எந்தப் பிரிவு என்று பாருங்கள். பிடிபட்ட படகுகளுக்காகச் சாலை மறியல் செய்ததற்கும் வழக்கு வரும், நிலத்தைப் பறித்ததற்கும் வரும். நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா என்ற கட்டம் முக்கியம். சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி எல்லாம் அதிலேயே உண்டு. முன்பு நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பக்தி நல்லது. ஆனால் ஒருவரின் பக்தியை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. அவர் நடந்துகொண்டதை அளக்கலாம். கீதையில் இத்தனையும் உபதேசித்துவிட்டு, 'முழுக்க ஆராய்ந்து, பிறகு உன் விருப்பப்படி செய்' என்றுதான் கண்ணன் 18-ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனனிடம் சொல்கிறான். உங்கள் சாமியை இழிவாகப் பேசியது அந்த வேட்பாளரா, கட்சியில் வேறு யாரோவா? அவரே பேசியிருந்தால் அது உறுத்துவது நியாயம். ஓட்டுக் கேட்டு வரும்போது முகத்துக்கு நேரே கேளுங்கள்.

கேள்வி: யாருமே சரியில்லை. வீட்டிலேயே இருந்துவிடலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: போய் நோட்டாவை அழுத்துங்கள். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் சொல்லி வந்தது, கடைசிப் பொத்தான். நோட்டா அதிகம் விழுந்தாலும், வேட்பாளர்களில் கூடுதல் ஓட்டு வாங்கியவர்தான் வெல்வார், அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வீட்டில் இருந்தால் உங்கள் பெயரில் வேறு ஆள் போட வழி திறக்கும். கையெழுத்திட்டுவிட்டு 49-ஓ விதிப்படி 'வாக்களிக்க விருப்பமில்லை' என்றும் சொல்லலாம்தான். ஆனால் அது பதிவேட்டில் ஏறும், ரகசியம் போய்விடும்.

கேள்வி: அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. போன முறை கட்சிக்காரர் ஒருவர் கூடப் போய் அவரே அழுத்திவிட்டார். அம்மா அழுதுகொண்டே வந்தார்.
– வாசகி, ஏர்வாடி

பதில்: இந்த முறை நீங்களே கூடப் போங்கள். பார்வையில்லாதவர், உடல் முடியாதவர் 18 வயது நிரம்பிய துணையாளை அழைத்துப்போக 49-என் விதி இடம் தருகிறது. ஒரு துணையாள் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் உதவலாம். ரகசியம் காப்பதாகத் துணையாள் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அந்த விவரத்தை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் படிவம் 14-ஏ-வில் பதிவார். அதே ஆள் இன்னொருவரோடு வந்தால் தலைமை அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். அம்மாவுக்கு 85 வயது நிரம்பியிருந்தால், அறிவிக்கை வந்த 5 நாட்களுக்குள் படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். எப்படியானாலும், கிளம்பும் முன் யாருக்கு என்று அம்மாவிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பெயரைச் சொன்னாலும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.