கவுண்டர் எப்படி கோவெண்டர் ஆனார்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 'கோவெண்டர்' என்ற குடும்பப் பெயருடன் வாழும் ஒருவர் எங்கள் உறவினராக இருக்கலாம் என்கிறார். அதை எப்படி உறுதி செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: கவுண்டர் என்ற பட்டமே ஆங்கிலேய எழுத்தர்களின் கைபட்டு அங்கே கோவெண்டர் ஆயிற்று, முதலி 'மூட்லி' ஆனதும் அவ்வாறே. ஆனால் இப்பட்டத்தைப் பல சமூகத்தார் இட்டுக்கொண்டதால், பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாட முடியாது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குச் சென்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவை பதிவாயின. பலர் ஒற்றைப் பெயருடனேயே இறங்கியதால், குடும்பப் பெயர் அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் நிலைபெற்றது. எனவே அவர் தம் முன்னோரின் பழைய திருமண, இறப்புப் பதிவுகளில் அந்த எண்ணைத் தேடி, அதைக்கொண்டு கப்பல் பட்டியலைப் பார்க்கட்டும். அதில் கிராமப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அதை உரக்கப் படித்து, தாலுகாவோடு ஒப்பிட்டு, அதன்பின் உங்கள் ஊர்தானா என்று முடிவு செய்யுங்கள்.