தம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

கேள்வி: என் பிறந்த வீடு மேலூர் அருகே ஒரு கிராமத்தில் உள்ளது. அண்ணன் இறந்தபோதுதான் அவருக்கும் அண்ணிக்கும் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. அம்மா அண்ணியின் தட்டுக்கும் தம்ளருக்கும் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியே ஒதுக்கியிருக்கிறார். அண்ணி மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகே விழுங்குகிறார். அடுத்த மாதம் அழகர்கோவிலில் என் ஒரு வயது மகனுக்குக் காது குத்துகிறோம். அண்ணி சமையலில் கை வைக்கவோ பிள்ளையைத் தூக்கவோ கூடாது என்கிறார் அம்மா. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அண்ணி பிசைந்து ஊட்டும் சோற்றை உங்கள் மகன் தாராளமாக உண்ணலாம், அவர் இடுப்பில் ஏறி உட்காரலாம். பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் எச்.ஐ.வி பரவுகிறதே தவிர, எச்சிலாலோ வியர்வையாலோ ஒரே தம்ளரில் குடிப்பதாலோ கொசுக்கடியாலோ பரவுவதில்லை. காய் நறுக்கும்போது அண்ணியின் விரல் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று அம்மா கேட்கக்கூடும். கொதிக்கும் குழம்பில் அந்தக் கிருமி பிழைக்காது. அன்று நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது காது குத்தும் ஊசியைத்தான். ஒரே ஊசியால் பல பிள்ளைகளுக்குக் குத்தினால் எச்.ஐ.வி மட்டுமின்றி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் பரவ வழியுண்டு என்பதால், ஆசாரியிடம் புதிய ஊசி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது அந்த அரிசிப் பானை. எச்.ஐ.வி-யைக் கட்டுப்படுத்தும் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்தை ஆயுள் முழுவதும் நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம்கூட அது பிறருக்குத் தொற்றாது. விட்டுவிட்டு உண்டாலோ, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகக்கூடும். வீட்டில் விருந்தாளிகள் விழித்திருக்கும் இரவுகளில் அவர் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் புள்ளிக்குக் கூசி அவர் ஒரு மாத்திரையைத் தவறவிட்டாலும், உங்கள் வீட்டுக்குக் கேடு அந்தப் புள்ளியால் வந்ததுதான்.

உங்கள் அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1986-இல் சென்னையில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, நெடுங்காலம் எய்ட்ஸ் என்றால் சாவு என்றே அவர் தலைமுறைக்குச் சொல்லிவந்தோம். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைப்பதையும், மருந்து உண்பவர்கள் பல்லாண்டு நலமாக வாழ்வதையும் அதே அழுத்தத்தோடு சொல்லத் தவறிவிட்டோம். அண்ணிக்குச் சம்மதமென்றால், அடுத்த முறை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இந்தக் கூட்டு மருந்தை வழங்கும் ஏ.ஆர்.டி மையத்துக்கு அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மகள் சொல்லிக் கேட்காததை ஆலோசகர் சொன்னால் கேட்பார். 1097 என்ற இலவச எண்ணிலும் விளக்கம் பெறலாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி சட்டத்தின்படி, அண்ணியை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றவோ வீட்டுப் புழக்கத்தில் பாகுபாடு காட்டவோ கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணிக்கு எச்.ஐ.வி இருப்பதைப் பற்றி உறவினர்களிடம் மூச்சு விடாதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அண்ணியின் முடிவு.

இந்த வாரமே ஊருக்குப் போய், அந்தப் புள்ளிகளை உங்கள் கையாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, அதே தம்ளரில் அம்மாவுக்கு எதிரில் காபி குடியுங்கள். பிறகு அண்ணிக்கு வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைப்புச் சொல்லுங்கள். அண்ணன் இல்லாத இடத்தில் உங்கள் மகனுக்குத் தாய்மாமன் சீர்த்தட்டை ஏந்தி வர வேண்டியவர் அவர்தான்.