கொல்கத்தாவில் இரண்டரை நாள், கையில் நாலாயிரம்

கேள்வி: ஜூன் மாதம் என் மகளுக்குக் கொல்கத்தா பராநகரில் நேர்முகத் தேர்வு. சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஹவுராவிலிருந்து சென்னை மெயிலில் திங்கள் இரவுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அறை வாடகை போக, சாப்பாடு உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இருவரும் சைவம். வங்காளி தெரியாது. கார் வைத்தால் பாதிப் பணம் ஒரே நாளில் போய்விடும் போலிருக்கிறது. ஊரைப் பார்க்க வழி உண்டா?
– விருதுநகர் வாசகர்

பதில்: தாராளமாக உண்டு. முதலில் அந்தக் கார் யோசனையை விட்டுவிடுங்கள். கொல்கத்தாவில் நுழைவுச்சீட்டுக்கு ஆகும் செலவு பெரிதல்ல, ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக டாக்ஸியில் சுற்றுவதில்தான் பணம் கரையும், அதிலும் பாதி நேரம் நெரிசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஹூக்ளி ஆற்றை ஒட்டியோ மெட்ரோவை ஒட்டியோ இருக்கின்றன. படகு, மெட்ரோ, கொஞ்சம் நடை, இடையில் ஒன்றிரண்டு பேருந்து, இவ்வளவு போதும்.

அறையை எஸ்பிளனேட் மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். சடர் ஸ்ட்ரீட், நியூ மார்க்கெட் பக்கம் மலிவான விடுதிகள் நிறைய உண்டு. அறையையும் குளியலறையையும் நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஹவுராவில் இறங்கியதும் வாசலில் மொய்க்கும் டாக்ஸிக்காரர்களைத் தாண்டி நேராக மெட்ரோவுக்குப் போய்விடுங்கள். 2024இல் திறந்த அந்தப் பாதை ஆற்றுக்கு அடியிலேயே போகிறது, எஸ்பிளனேடுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்.

அப்புறம் கிழமைக் கணக்கு. இதைக் கவனிக்காமல் போய் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். திங்கட்கிழமை அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அதனால் அருங்காட்சியகம் ஞாயிறு, புத்தகம் திங்கள்.

சனிக்கிழமை பராநகரில் வேலை முடிந்ததும் அடுத்த மெட்ரோ நிறுத்தமே தட்சிணேஸ்வரம். ராணி ராஸ்மணி கட்டி 1855இல் குடமுழுக்கு நடந்த காளி கோயில், ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை, ஆற்றோரம் வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சன்னதிகள். மதியம் நடை சாத்தியிருக்கும், அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கிருந்து படகில் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம் போய், மாலை ஆரத்தி பார்த்துவிட்டுப் பேருந்தில் ஹவுரா வந்தால் மெட்ரோ பிடித்து அறைக்குத் திரும்பலாம்.

ஞாயிறு மட்டும் சீக்கிரம் எழுந்தே ஆக வேண்டும். கொல்கத்தா நமக்கு வெகு கிழக்கே இருப்பதால் ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வெயிலும் புழுக்கமும் இல்லாத கொல்கத்தா, அதைத் தூங்கிக் கழிக்காதீர்கள். ஞாயிறு காலையில் மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். பேருந்தில் ஏறி, “ஹவுரா பிரிட்ஜ், தாதா” என்றால் நடத்துநர் இறக்கிவிடுவார் (அங்கே தாதா என்றால் அண்ணன்). பாலத்தின் கொல்கத்தாக் கரையில், தூணடியில் மல்லிக் படித்துறைப் பூச்சந்தை. ஆளுயரச் செண்டுமல்லி மாலைகளைச் சரம் சரமாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். பிறகு 1943இல் திறந்த அந்தப் பாலத்தை நடந்தே கடந்து, அக்கரையில் படகு ஏறி ஷோபாபஜார் போங்கள். டிக்கெட் சில ரூபாய்தான்.

படித்துறையிலிருந்து கொஞ்சம் நடந்தால் குமார்துலி. துர்கா பூஜைக்குச் சிலை செய்யும் குயவர்களின் தெரு. ஜூனில் போவது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம், ஏனென்றால் வண்ணம் தீட்டிய சிலையை யாரும் பார்க்கலாம், மூங்கிலில் வைக்கோலைக் கட்டி உடம்பு வளைத்து மேலே ஆற்று மண்ணைப் பூசும் வேலையை இந்தப் பருவத்தில்தான் பார்க்க முடியும். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். கொல்கத்தாவில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் விக்டோரியா நினைவகத்தை விட்டுவிட்டு இங்கே போகத்தான் சொல்வேன்.

வெயில் ஏறியதும் ஷோபாபஜாரில் மெட்ரோ பிடித்து பார்க் ஸ்ட்ரீட், இந்திய அருங்காட்சியகம். 1814இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. எல்லாக் கூடத்தையும் பார்க்க நினைத்தால் கால் வலிதான் மிஞ்சும். பார்ஹுத் என்ற பௌத்தத் தூபியின் சிவப்புக் கல் வேலிக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள், பக்கத்திலேயே பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர்கள். அந்த எழுத்தை 1837இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் இதே ஊரில், ஆசியக் கழகத்தில் இருந்தவர். நம் ஊர்ப் பானை ஓடுகளில் உள்ள தமிழ் பிராமி எழுத்துகளைப் படிப்பதற்கும் அங்கேதான் கதவு திறந்தது.

திங்கள் காலை அறையைக் காலி செய்து, பெட்டிகளைப் பூட்டி ஹவுரா நிலையத்தின் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பாலம் தாண்டி மகாத்மா காந்தி சாலையில் நேரே வரும் பேருந்து காலேஜ் ஸ்ட்ரீட்டில் விடும். மகளுக்குப் பாடப் புத்தகம் வேண்டுமென்றால் பழைய புத்தகக் கடைகளில் நிதானமாகத் தேடச் சொல்லுங்கள், பேரம் உண்டு. அலுத்தால் காபி ஹவுஸ் மாடி இருக்கிறது. ஒரு காபியோடு எவ்வளவு நேரமும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மாலை பிரின்செப் பெயரிலேயே உள்ள படித்துறைக்குப் போய், கரையோரமாக பாபுகாட் வரை நடந்து, ஏழு மணிக்குள் படகு பிடித்தால் ஹவுரா நிலைய வாசலிலேயே இறங்கலாம். சென்னை வண்டிகள் பெரும்பாலும் புது வளாகத்திலிருந்து கிளம்பும், அதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், மாலையில் முறி என்ற பொரியும், பானிபூரி போன்ற புச்காவும், எப்போது வேண்டுமானாலும் மண் கிண்ணத்தில் இனிப்புத் தயிர். பொரியில் போடும் கடுகெண்ணெய் வாசம் பிடிக்காவிட்டால் முன்னாலேயே சொல்லிவிடலாம். சோறும் குழம்பும் தேடினால் காளிகாட் மெட்ரோவில் இறங்கி லேக் மார்க்கெட் போங்கள். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி, இட்லி, பில்டர் காபி எல்லாம் உண்டு.

மழை மட்டும் யார் கையிலும் இல்லை. வலுத்துப் பெய்தால் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும். அப்படியானால் திங்களன்று அதைக் கைவிட்டு, மெட்ரோவிலேயே காளிகாட் கோயிலும் லேக் மார்க்கெட்டும் பார்த்துவிட்டு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஹவுரா போய்ச் சேருங்கள்.