கிளஸ்டர்டிபி ஓட்டியும் டேபிள் வரிசைக்கு வரவில்லையே, ஏன்?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கிளஸ்டர்டிபி கட்டளையை ஓட்டினால், டேபிள்களின் ரெக்கார்டுகள் டிஸ்க்கில் இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் பொருளடக்கம் போன்றது) வரிசைக்கு வந்துவிடும் என்றார்கள். ஓட்டினேன். ஒரு நொடியில் முடிந்துவிட்டது, பிழை எதுவும் வரவில்லை. ஆனால் குவெரி பழையபடி ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: ஒரு நொடியில் முடிந்தது என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. அந்தக் கட்டளை உங்கள் டேபிள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கிளஸ்டர்டிபி தனியாக எதுவும் செய்வதில்லை. டெர்மினலில் இருந்தபடியே போஸ்ட்கிரெஸின் கிளஸ்டர் என்ற எஸ்கியூஎல் கட்டளையை அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். டேபிள் பெயர் தராமல் ஓட்டினால், ஏற்கெனவே "இந்த இன்டெக்ஸ்படி அடுக்கு" என்று குறி வைக்கப்பட்ட டேபிள்களை மட்டும் தேடிப்பிடித்து மறுபடி அடுக்கும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். டேபிள் பெயரைத் தந்து ஓட்டியிருந்தால், முன்பு கிளஸ்டர் செய்த இன்டெக்ஸ் எதுவும் இல்லை என்று பிழையாவது காட்டியிருக்கும்.

ஆகவே முதலில் ஒரே ஒரு முறை பிஎஸ்கியூஎல் என்ற போஸ்ட்கிரெஸ் கட்டளைத் திரைக்குள் போய், ஆல்டர் டேபிள் கட்டளையில் கிளஸ்டர் ஆன் என்று போட்டு இன்டெக்ஸின் பெயரைச் சொல்லிவிடுங்கள். இது குறி மட்டும்தான் வைக்கும், எதையும் நகர்த்தாது. பின்சாய்வுக்கோடு டி போட்டு டேபிளைப் பார்த்தால் அந்த இன்டெக்ஸுக்குப் பக்கத்தில் கிளஸ்டர் என்று தெரியும். அதன்பிறகு கிளஸ்டர்டிபி ஓட்டுங்கள், இந்தத் தடவை நேரம் எடுக்கும். இன்டெக்ஸ் வகைகளில் பிட்ரீ, ஜிஸ்ட் இரண்டுக்கும்தான் இது நடக்கும். ஜின், பிரின், ஹேஷ் மூன்றையும் ஏற்காது. சில ரெக்கார்டுகளை மட்டும் உள்ளடக்கிய பகுதி இன்டெக்ஸும் ஆகாது.

சரி, இவ்வளவு சிரமப்படுவதில் என்ன லாபம்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 200 பேருந்துகள், ஒவ்வொன்றும் 30 நொடிக்கு ஒரு முறை தன் இருப்பிடத்தை அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு ரெக்கார்டு சுமார் 100 பைட் என்றால், போஸ்ட்கிரெஸ் ஒரே மூச்சில் படிக்கும் 8 கேபி துண்டான பேஜ் ஒன்றில் ஏறக்குறைய 80 ரெக்கார்டுகள் அடங்கும். ஒரே பேருந்தின் இரண்டு ரெக்கார்டுகளுக்கு நடுவில் மற்ற பேருந்துகளின் 199 ரெக்கார்டுகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்தப் பேருந்தின் ஒரு நாள் பயணத்தைக் கேட்டால் 2,880 ரெக்கார்டுகள், கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேஜில். இன்டெக்ஸ் இடத்தை நொடியில் காட்டிவிடும், ஆனால் 2,880 பேஜ்களையும் போய்த் திறந்துதானே ஆகவேண்டும்! பேருந்து எண்ணும் நேரமும் சேர்ந்த இன்டெக்ஸ்படி டேபிளை அடுக்கிவிட்டால், அதே 2,880 ரெக்கார்டுகள் 36 பேஜில் அடங்கிவிடும். எனக்குக் கிளஸ்டர் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணமே இந்தக் கணக்குதான். குவெரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே டேபிளே பிரைமரி கீ வரிசையில்தான் இருக்கும், புதிதாக வருவதும் அந்த வரிசையில்தான் போய் உட்காரும். போஸ்ட்கிரெஸ் அப்படியில்லை. இன்று அடுக்கிவைத்தாலும், நாளை வரும் ரெக்கார்டு எந்தப் பேஜில் இடம் காலியோ அங்கே போகும். ஒரு அப்டேட் செய்தால் அந்த ரெக்கார்டின் புதுப் பிரதி வேறு பேஜுக்குப் போய்விடலாம். பழைய பிரதிகளைத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூம் இதைச் சரிசெய்யாது. ஒரு பேஜை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்று சொல்லும் ஃபில்ஃபேக்டரை 100க்குக் கீழே வைத்தால் அப்டேட் ஆன ரெக்கார்டு அதே பேஜில் தங்க வாய்ப்பு அதிகம், கலைவது மெதுவாகும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. கிளஸ்டர் ஓடி முடியும்வரை அந்த டேபிளில் எழுத மட்டுமல்ல, படிக்கவும் முடியாது. முன்பு ஒரு வேலையில், எல்லாரும் சிஸ்டத்தில் இருந்த சாயங்கால நேரத்தில் நான் இதை ஓட்டிவிட்டேன். ஏற்கெனவே ஒரு பெரிய ரிப்போர்ட் குவெரி அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று கிளஸ்டர் காத்து நின்றது. அதற்குப் பின்னால் வந்த சாதாரண செலக்ட் எல்லாம் கிளஸ்டருக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. அடுக்கும் வேலை தொடங்கவே இல்லை, அதற்குள் திரைகள் எல்லாம் உறைந்துவிட்டன. கன்ட்ரோல் சி அழுத்திய பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. அன்றிலிருந்து பிஜிஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் லாக் டைம்அவுட்டை (டேபிள் பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) 5 நொடி என்று வைக்காமல் நான் கிளஸ்டர்டிபியைத் தொடுவதில்லை. லாக் கிடைக்கவில்லையென்றால் அதுவே விலகிக்கொள்ளும், இன்னொரு நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கையும் பாருங்கள். டேபிளையும் இன்டெக்ஸ்களையும் புதிதாக எழுதி முடித்த பிறகுதான் பழையதை நீக்கும். ஆகவே டேபிள், அதன் இன்டெக்ஸ்கள் எல்லாம் சேர்ந்த அளவுக்காவது இடம் காலியாக இருக்க வேண்டும். சார்ட் செய்யும் வழியில் போனால் அதற்குத் தற்காலிக இடமும் தேவை. போஸ்ட்கிரெஸ் 12 முதல் பிஜி ஸ்டாட் புரோகிரெஸ் கிளஸ்டர் என்ற வியூவில் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். முடிந்ததும் டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓட்ட மறக்காதீர்கள், குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானருக்குப் புது வரிசை தெரிய வேண்டும் அல்லவா?

எல்லா டேபிளுக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். எழுதுவது ஓய்ந்துபோன டேபிள்தான் கிளஸ்டருக்கு ஏற்ற இடம். பேருந்து டேபிளையே மாதவாரியாகப் பார்ட்டிஷன் (தனித்தனித் துண்டுகளாக) செய்துவிட்டால், முடிந்துபோன மாதத்தில் இனி யாரும் எழுதப்போவதில்லை. மாதம் பிறந்ததும் ஒரு ராத்திரி, போன மாதப் பார்ட்டிஷனுக்கு முன்சொன்னபடி குறி வைத்து, அதை மட்டும் பெயர் சொல்லிக் கிளஸ்டர்டிபியில் ஓட்டினால் போதும், அந்த அடுக்கு அப்புறம் கலையாது. இரவும் பகலும் அப்டேட் ஆகிற டேபிள் என்றால் பிஜி ரீபேக் என்ற தனி எக்ஸ்டென்ஷன் பக்கம் போங்கள். அது தொடக்கத்திலும் கடைசியிலும் சிறிது நேரம்தான் முழு லாக் எடுக்கும். ஆனால் டேபிளில் பிரைமரி கீயோ, நல் இல்லாத யூனிக் இன்டெக்ஸோ இருக்க வேண்டும்.

உங்கள் குவெரி நேரத்தை மட்டும் வைத்துத் தேடுகிறது, டேபிளிலும் ரெக்கார்டுகள் நேர வரிசையிலேயே சேர்கின்றன என்றால் எதையும் அடுக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பிஜி ஸ்டாட்ஸ் வியூவில் அந்த நெடுவரிசையின் கோரிலேஷனைப் பாருங்கள், மதிப்புகளின் வரிசையும் டிஸ்க்கில் உள்ள வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது சொல்லும். 1க்கோ மைனஸ் 1க்கோ பக்கத்தில் இருந்தால் கிளஸ்டரால் பெரிய பயன் இருக்காது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்னில் அனலைஸும் பஃபர்ஸும் சேர்த்து எடுத்து, எத்தனை பேஜ் படித்தது என்ற எண்ணை இங்கே கமென்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.