41 எப்படி 39 ஆனது?

கேள்வி: மக்கள்தொகை இவ்வளவு பெருகியும் மக்களவையில் தமிழ்நாட்டுக்கு அதே 39 தானா? இந்தக் கணக்கு மாறவே மாறாதா ஐயா?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: மாறிக்கொண்டுதான் இருந்ததம்மா. 1952-ல் மக்களவையில் மொத்தம் 489 இடம், 1967-ல் 520, 1977-ல் 542. நம் ஊரையே எடுத்துக்கொள். 1952-ல் சென்னைக்கு ஒரே தொகுதி. 1957-ல்தான் வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். வடசென்னையில் அப்போது ஜெயித்தவர் தொழிற்சங்கத் தலைவர் அந்தோணிப் பிள்ளை. பின்னி மில் தொழிலாளர்களின் ஆள். அந்தத் தேர்தலில் நம் மாநிலத்துக்கு 41 இடம். 1961 கணக்கெடுப்பில் மற்ற மாநிலங்கள் நம்மைவிட வேகமாகப் பெருகியிருந்தன. அதனால் 1967-ல் 39 ஆக இறங்கினோம்.

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் இடத்தை இழப்பது எந்த ஊர் நியாயம்? அதனால்தான் 1976-ல் அரசியலமைப்பில் 42-வது திருத்தம் கொண்டுவந்து, மாநிலவாரி இடங்களை 1971 கணக்கோடு நிறுத்தினார்கள். 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தம் நீடிக்கும் என்கிறது 84-வது திருத்தம்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முதல் தேர்தலில் ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக மூன்றரை லட்சம் வாக்காளர். 2024-ல் சுமார் 18 லட்சம். வடசென்னையில் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம் பேர். காசிமேட்டு மீனவருக்கும், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து பிழைப்பு போனவருக்கும், துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் டெல்லியில் ஒரே வாய். போதாது.

ஆகவே இடம் கூடட்டும். விகிதம் மாறக் கூடாது. சமூக அறிவியல் பாடம் நடத்திய காலத்திலிருந்தே நான் சொல்வது இதுதான். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் 888 இருக்கைகள். அத்தனையும் நிரப்புவதானால், இன்றைய 543-ல் 39 என்ற விகிதப்படி நமக்கு 64 வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்க வேண்டும்.

கேள்வி: வெளிநாடுகளிலும் இப்படித்தானா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அமெரிக்காவில் நம் மக்களவை போன்ற பிரதிநிதிகள் சபையில் 1913 முதல் 435 இடம்தான், அலாஸ்கா, ஹவாய் சேர்ந்தபோது மட்டும் சிறிது காலம் 437. மொத்தம் கூடாததால், பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மாநிலத்திலிருந்து பிடுங்கி இன்னொன்றுக்குத் தருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் கணக்கில் வந்திருந்தால் தப்பியிருக்கும். ஆகவே நம் ஊரில் 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது, மாடியில் வாடகைக்கு இருப்பவர்களையும் விடாமல் சொல்லுங்கள்.